விழுந்து காட்டச் சொன்னார்கள்

நூடுல்ஸுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த ருய்ச்சினுக்கு, எப்படி விழ வேண்டும் என்று அவள் கொழுந்தன் வென்ஷெங் செய்து காட்டினான். அடுக்களை வாசலில் நின்று, யாரோ மார்பில் உள்ளங்கையை வைத்துவிட்டதுபோல முகத்தை மாற்றிக்கொண்டான். இரண்டு எட்டு பின்னால் போனான். அடுத்த எட்டில் கால் இரண்டும் தரையை விட்டு எழும்பின. முற்றத்தில் பூண்டுச் சரம் தொங்கிய கம்பத்தில் முதுகு பட்டு நின்றான். ஒரு பூண்டுத் தோல்கூட உதிரவில்லை. அவ்வளவு பழகிய விழுகை.

"இவ்ளோதான் அண்ணி. வலியே இருக்காது. பின்னாடி நம்ம பசங்க நிப்பாங்க, தாங்கிக்குவாங்க. கேமராவும் அந்தப் பக்கம்தான் வைக்கிறோம்."

ருய்ச்சின் மாவைத் தூக்கிப் பலகையில் அறைந்தாள். "நல்லா விழுற. இதத்தான் ஷிஜியாசுவாங்ல சொல்லித் தர்றியா?"

அவன் சிரித்தான். அவனிடம் எதைச் சொன்னாலும் சிரிப்புத்தான் வரும். பெரிய நகரத்தில் சண்டை வித்தைப் பள்ளி நடத்துகிறவன். அவன் வீடியோ ஓடாத கைபேசி லுவான்சுவாங் ஊரில் இல்லை. அதில் வெள்ளைப் பட்டுச் சட்டையோடு நின்று ஒரு விரலை நீட்டுவான். எதிரே வருகிற தடித்தடி ஆட்கள் கரண்டு அடித்ததுபோலத் துள்ளிப் போய் விழுவார்கள்.

"கோபப்படாதீங்க அண்ணி. ஊருக்குள்ள என்ன பேசிக்கிறாங்க? கிழவர் வித்தை மருமககிட்டப் போயிடுச்சு, மகன்கிட்ட ஒண்ணும் இல்லன்னு. நீங்க ஒரே ஒரு தடவை விழுந்துட்டீங்கன்னா அந்த வாயெல்லாம் மூடிக்கும்."

"அவங்க சொல்றது பொய்யா?"

"பொய் உண்மை எல்லாம் எதுக்கு இப்ப? குடும்ப மானம் இருக்குல்ல?"

குடும்ப மானம் என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்குக் காது மடல் சுட்டது. குடும்பத்தின் மூத்திரத் துணியைத் துவைத்தவள் அவள். பக்கவாதம் வந்து மாமனார் படுத்துக் கிடந்த காலத்தில் இந்தப் பட்டுச் சட்டை புத்தாண்டுக்கு மட்டும் வரும். அப்பாவைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டு போகும்.

சண்டை வித்தையில் லுவான் வீட்டுக் கை என்றால் அந்த வட்டாரத்தில் ஒரு பெயர் உண்டு. முறுக்கேறிய தோளும் கல் உடைக்கும் முஷ்டியும் அதற்கு வேண்டாம். பாதத்தில் பிறந்து, இடுப்பில் திரும்பி, விரல் நுனிக்கு வந்து சேரும் உள்வலுதான் அதற்கு எல்லாம். மகனுக்குச் சொல்லித் தருவார்கள், மருமகளுக்கும் உண்டு. மகளுக்கு மட்டும் கிடையாது. மகள் வேறு வீட்டுக்குப் போகிறவள், வித்தையும் அவளோடு போய்விடும் என்ற பயம். ருய்ச்சின் இந்த வீட்டுக்குள் வந்தபோது மூத்த மகன், அவள் புருஷன் தாச்செங், செங்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். முற்றத்துப் பக்கமே வரமாட்டான். இளையவன் ஊரை விட்டு ஓடும் அவசரத்தில் இருந்தான். அதனால் மாமனார் மருமகளைக் கூப்பிட்டு முழங்காலை மடித்து நிற்கச் சொன்னார். அவளும் நின்றாள். பிரசவத்துக்கு முன்னும் நின்றாள், பின்னும் நின்றாள். கிழவர் படுத்த பிறகு பழைய வீட்டு முற்றத்தில் தினமும் விடியற்காலை ஊராருக்குச் சொல்லித் தந்ததும் அவள்தான்.

இப்போது கிழவரின் மூன்றாம் ஆண்டுத் திதி வருகிறது. துக்க வெள்ளையைக் கழற்றும் நாள். அன்றைக்குச் சமாதி முன்னால் ஒருவர் முதல் மதுவை ஊற்றுவார். ஊற்றுகிறவர்தான் இனி கதவு திறக்கிறவர். லுவான் பெயரைச் சொல்லிச் சீடர்களைச் சேர்க்கும் உரிமையும் பழைய வீட்டு முற்றமும் அவருக்குத்தான். ஊற்றும் முன் குடும்பத்தில் வித்தை கற்ற ஒருவர் அவரோடு மணிக்கட்டைச் சேர்த்துக் கை தள்ள வேண்டும். தள்ளி, ஒரு எட்டு விட்டுக்கொடுத்தால் நீதான் பெரியவன் என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். வென்ஷெங்கை விட்டால் வீட்டில் வித்தை கற்றவள் அவள் ஒருத்திதான்.

"ஒரு எட்டு பின்வாங்குறதுதான் வழக்கம்," என்றாள். "உங்கப்பா அவங்கப்பாவுக்குப் பண்ணப்ப யாரும் பறக்கல."

"அப்ப கேமரா இல்லையே."

"விழமாட்டேன்."

அவன் சிரிப்பை நிறுத்தவில்லை. கொண்டுவந்த ஆரஞ்சுப் பெட்டியை மேசைமேல் நகர்த்தி வைத்தான். "விழுந்தீங்கன்னா முற்றத்துல காலைல பொம்பளைங்களுக்கு, குழந்தைங்களுக்கு நீங்க சொல்லித் தரலாம். அந்த வகுப்பு உங்களுக்குத்தான். விழலன்னாலும் அப்பாவோட மூத்த சீடர் தியென் பெரியவர் என் பக்கம்தான் இருக்காரு. அந்த முற்றத்துல மண்டபம் கட்டப் போறோம். சாவி என்கிட்ட இருக்கும். யோசிங்க."

அவன் கார் தெருமுனை திரும்பியதும் அவள் ஆரஞ்சுப் பெட்டியைத் தூக்கிப் பக்கத்து வீட்டுப் பன்றிக் கொட்டிலில் கொட்டினாள். பிறகுதான் மாவை மூட மறந்தது ஞாபகம் வந்தது. மேல்தோல் காய்ந்து போயிருந்தது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

மறுநாள் காலையும் அந்தக் கோபம் ஆறவில்லை. பழைய வீட்டு முற்றத்தில் வழக்கம்போல ஆட்கள் வந்து, முழங்காலை மடித்து நிலையில் நின்றார்கள். வாயிலிருந்து புகை வரும் குளிர். அவள் ஷீ தோங்கைக் கூப்பிட்டாள். பேரிக்காய்த் தோட்டத்துக்காரன், கோதுமை மூட்டையை அக்குளுக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு வேலி தாண்டுகிறவன். அவளிடம் அதிக நாள் படித்தவன் அவன்தான். மணிக்கட்டும் மணிக்கட்டும் சேர்ந்தன. கைகள் வட்டம் சுற்றத் தொடங்கின. எதிராளியின் பலம் எங்கே போகிறது, எங்கே வெறுமையாக இருக்கிறது என்று தோலால் கேட்க வேண்டும். அவளுக்கு அன்று ஒன்றும் கேட்கவில்லை. விழுந்தால் முற்றம், விழாவிட்டால் தெரு என்று மனசு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெருமூச்சு வந்தது, விட்டாள்.

ஷீ தோங் பறந்தான். தட தடவென்று பின்னால் ஓடி மண்சுவரில் மோதி உட்கார்ந்தான். நிலையில் நின்றவர்கள், "அடேயப்பா," என்றார்கள்.

ருய்ச்சின் கையை நீட்டியபடியே நின்றாள்.

"ஏன் விழுந்த?"

"மாஸ்டர் தள்ளுனீங்கல்ல."

"நான் தள்ளல. பெருமூச்சு விட்டேன்."

டோஃபு விற்கும் யான்லிங் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"எந்திரி. இங்க வா. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. தள்ளாதப்ப எப்படி விழுந்த?"

அந்தப் பெரிய உடம்பு தலையைக் குனிந்துகொண்டது. "தள்ளப் போறீங்கன்னு நெனச்சேன்."

"எத வச்சு?"

"உங்க இடது தோள் கொஞ்சம் எறங்கும் மாஸ்டர். எறங்குச்சுன்னா தள்ளு வருதுன்னு அர்த்தம். அதப் பாத்து..."

"அதப் பாத்து விழுவியா?"

"விழறதுன்னு இல்ல. போறது. கூடவே போறது."

அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "எல்லாருமா?"

யான்லிங்குக்குச் சிரிப்பு அடங்கியிருந்தது. "புதுசா வர்றவங்களுக்கு மொத நாளே சொல்லிடுவோம் மாஸ்டர். தோளப் பாருன்னு. நின்னுட்டா உங்களுக்கு அசிங்கமா இருக்கும்ல? நாலு பேரு பாக்குற எடத்துல..."

"எனக்கு அசிங்கம்னு உங்கிட்ட நான் சொன்னேனா?"

"சொல்லித்தான் தெரியணுமா மாஸ்டர்? பெரியவர் காலத்துலேர்ந்து அப்படித்தானே."

மாமனார் காலத்திலிருந்து. கிழவருக்குத் தொண்டைதான் அடையாளம். தள்ளுவதற்கு முன் ஒருமுறை எச்சில் விழுங்குவார். குரல்வளை ஏறி இறங்கும். அது இறங்கும்போது இவள் காற்றில் இருப்பாள். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. மாமனார் முன்னால் மருமகள் மரம்போல நிற்க முடியுமா? விருந்தாளிகள் வேறு சூப்பு குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விழுந்தாள். விழுந்து விழுந்து, அது அவருடைய வலு என்றே நம்பிவிட்டாள். அந்த நம்பிக்கையைத்தான் இந்த முற்றத்தில் விடியற்காலை தோறும் பிரித்துக் கொடுத்திருக்கிறாள். அவளைத் தள்ளுகிறவன் யாரும் நிஜமாகத் தள்ளியதில்லை. அவள் தள்ளி யாரும் நிஜமாக விழுந்ததில்லை. அப்படியானால் கையில் இருப்பது என்ன? வென்ஷெங்கின் விரலுக்கும் தன் பெருமூச்சுக்கும் என்ன வித்தியாசம்?

"போங்க எல்லாரும்," என்றாள். யாரும் நகரவில்லை. "போங்கன்னு சொன்னேன்!"

அந்த முற்றத்தில் அவள் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டுகூடச் சிலர் ஓடினார்கள்.

மத்தியானம் தாச்செங் லாரியை நிறுத்திவிட்டு வந்தான். புருவத்தில் செங்கல் தூசி. தொட்டியில் முகம் கழுவக் குனிந்தவனை அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"இங்க நில்லு. நான் தள்றேன்."

"பசிக்குது ருய்ச்சின்."

"நில்லுய்யா!"

அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். அவள் மணிக்கட்டைச் சேர்த்து, வட்டம் சுற்றி, இடுப்பைத் திருப்பித் தள்ளினாள். அவன் அப்படியே நின்றான். இன்னொரு தடவை தள்ளினாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். மூன்றாம் தடவை, அவள் உடம்பு முழுவதையும் போட்டபோது, அவன் சங்கடப்பட்டு முன்கையை லேசாக உயர்த்தினான். அவள் சறுக்கிப் போய் நிலக்கரிக் குவியலில் உட்கார்ந்தாள்.

"அடிபட்டுச்சா?"

அவன் நீட்டிய கையைத் தட்டிவிட்டாள். முகம் கரிக்கட்டையாக இருந்தது. "உனக்குத் தெரியுமா? எல்லாரும் விழுந்து காட்டுறாங்கன்னு தெரியுமா உனக்கு?"

தாச்செங் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தான். "ம்."

"எப்பலேர்ந்து?"

"சின்னப் பையன்லேர்ந்து. எங்கப்பா ஏன் என்னை முற்றத்துல சேக்கலன்னு நெனச்ச?"

"உனக்கு ஆர்வம் இல்லன்னு சொன்னாரு."

"மாவட்டத்துலேர்ந்து பெரிய ஆளுங்க வந்திருந்தாங்க. அப்பா என்னைக் கூப்புட்டுத் தள்ளுனாரு. நான் நின்னேன். வேணும்னு நிக்கல, விழ வரல அவ்ளோதான். மறுபடி தள்ளுனாரு, நின்னேன். அன்னிக்கு ராத்திரிச் சோறு கிடையாது. அதுக்கப்புறம் முற்றம் கிடையாது. மடையன், இவனுக்குக் காது கேக்காத தோல்னு ஊர் பூராச் சொன்னாரு." அவன் துண்டால் கழுத்தைத் துடைத்தான். "தம்பி நல்லா விழுவான். அதனாலதான் அவன் செல்லம்."

அவள் கரிக் குவியலை விட்டு எழுந்திருக்கவில்லை. "இத என்கிட்ட ஏன்யா சொல்லல?"

"உனக்கு அது புடிச்சிருந்துச்சு. காலைல முற்றத்துலேர்ந்து வர்றப்ப உன் மூஞ்சி நல்லா இருக்கும். அத எதுக்குக் கெடுக்கணும்?"

இதைவிட அவளுக்கு ஆத்திரமூட்டிய பேச்சு வேறு இருந்திருக்க முடியாது. கையில் அகப்பட்ட கரித்துண்டை எடுத்து வீசினாள். அது அவன் காலடியில் விழுந்து உடைந்தது. எல்லாரும் அவளைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அவள் மானத்தை, மூஞ்சியை, சந்தோஷத்தை! குழந்தைக்குத் தோற்றுக் கொடுப்பதுபோல ஒரு ஊரே அவளுக்குத் தோற்றுக் கொடுத்திருக்கிறது. அதில் அவள் மாஸ்டர் என்று நிமிர்ந்து நடந்திருக்கிறாள்.

"நாளைலேர்ந்து தினமும் வந்து நிக்கிற," என்றாள். "விழுந்தா உன்னை வீட்டுக்குள்ள விடமாட்டேன்."

"எனக்கு விழத் தெரியாதே," என்றான் தாச்செங் பரிதாபமாக.

திதி வரைக்கும் வீட்டுப் பின்புறம், பேரிக்காய்க் கூடை அடுக்கும் கொட்டகையில் அவர்கள் நின்றார்கள். தாச்செங்குக்கு வித்தை எதுவும் கிடையாது. சிமெண்டு மூட்டை இறக்குகிற ஆள் எப்படி நிற்பானோ அப்படி நின்றான், தள்ளினால் அப்படியே தள்ளினான். அவள் கூடைகள்மேல் விழுந்தாள், கதவில் மோதினாள், உள்ளங்கையில் மூங்கில் சிலாம்பு ஏறியது. ஒவ்வொரு முறையும் கிழவரைத் திட்டிக்கொண்டே எழுந்தாள். செத்தவரைத் திட்டக் கூடாது என்று அவன் சொன்னான். அவனையும் திட்டினாள்.

திட்டிக்கொண்டே இருக்கையில் ஒன்று புரிந்தது. கிழவர் வாயால் சொன்னது எல்லாம் சரி. தோளை விடு, மூச்சைக் கீழே வை, அவன் தருகிற பலத்தைத் தடுக்காதே, அது பாதம் வரை இறங்கட்டும் என்று அவர் சொன்னதெல்லாம் நிஜம்தான். அவர் சொல்லித் தந்தார். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க யாரையும் விடவில்லை, தன்னையும் சேர்த்து. அது அவளுக்கு இன்னும் பெரிய கோபமாக இருந்தது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

ஒருநாள் தாச்செங் தள்ளியபோது அவள் எதுவும் செய்யவில்லை. தோளை விட்டாள், இடுப்பு தானாகத் திரும்பியது. அவன் ஒரு எட்டு முன்னால் தடுமாறி, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வேணும்னு போனியா?" என்று கேட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவன் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். "இல்லடி," என்றான். "தரை நழுவிடுச்சு."

திதியன்று கோதுமை வயல் நடுவே இருந்த சமாதியில் கூட்டம். எல்லார் தலையிலும் வெள்ளைத் துணி. எரிக்கக் கொண்டுவந்த காகித வீடு, காகிதக் குதிரை, மாமனாருக்குப் பிடித்த கழுதை இறைச்சி ரொட்டி, பேரிக்காய், மதுக் குடுவை எல்லாம் வரிசையாக இருந்தன. தாரை ஊதுகிறவர்கள் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினார்கள். வென்ஷெங்கின் நகரத்துச் சீடர்கள் ஒரே மாதிரிச் சட்டையில் இரண்டு வரிசையாக நின்றார்கள். கைபேசிகள் குச்சிகளில் ஏறியிருந்தன. ருய்ச்சினின் ஆட்கள் வரப்பு ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். ஷீ தோங் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

கிழவரின் மூத்த சீடர் தியென் பெரியவர் ஊன்றுகோலோடு முன்னால் வந்தார். பல் போன வாய். "வித்தை இந்த வீட்டுது. அதைத் தாங்குற தோள் எதுன்னு இங்க படுத்திருக்கிற பெரியவர் பாக்கட்டும். மருமகளே, வா."

அவள் போய் நின்றாள். வென்ஷெங் கண்ணை மூடித் திறந்து, மணிக்கட்டை நீட்டினான். தோல் தோலைத் தொட்டது. கைகள் சுற்றின.

"இப்ப," என்று உதடு அசையாமல் சொன்னான்.

தள்ளினான். அவள் நின்றாள்.

அவள் பின்னால் தாங்க நின்ற நகரத்துப் பையன்கள் கையை நீட்டிக் காத்திருந்தார்கள்.

"அண்ணி." இன்னும் உதடு அசையவில்லை. "எல்லாரும் பாக்குறாங்க. முற்றம் வேணுமா வேண்டாமா?"

"தள்ளு."

"அண்ணி, கும்புடுறேன். ஒரே ஒரு எட்டு."

"தள்ளுடான்னா."

அவன் தள்ளினான். அந்தக் கையில் ஒன்றுமே இல்லை. மூங்கில் கூடை பின்னுகிறவன் கையில்கூட அதைவிட வலு இருக்கும். அவனைச் சுற்றி எல்லாரும் விழுந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். நிற்கிற ஆள் எப்படி இருப்பான் என்று அவன் தோலுக்குத் தெரியவே தெரியாது. அவளுக்கு ஒரு நொடி பாவமாகக்கூட இருந்தது. அடுத்த நொடி அவன் முகம் சிவந்து, பட்டுச் சட்டை, பெரிய பெயர் எல்லாவற்றையும் சேர்த்து உடம்போடு அவள்மேல் பாய்ந்தான். அவள் தோளை விட்டாள். இடுப்பு திரும்பியது.

வென்ஷெங் அவளைத் தாண்டிப் போனான். காலையில் எரித்த காகிதப் பணத்தின் சாம்பலில் முழங்கால் குத்தி, இரண்டு கையும் பரப்பி, அப்பாவின் சமாதிக்கு நேர் எதிரே விழுந்தான். தாரை ஊதுகிறவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

ஒரு மூச்சு நேரம்தான். ருய்ச்சின் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முதுகு யோசிப்பது அவளுக்குத் தெரிந்தது. பிறகு வென்ஷெங் நெற்றியைத் தரையில் மோதினான். இன்னொரு முறை மோதினான்.

"அப்பா!" என்று கதறினான். "நான் எதுக்கு லாயக்கு அப்பா! எனக்கு எதுக்கு இந்த மரியாதை!"

கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். "பாத்தியா, தள்ளிட்டிருந்தவன் அப்படியே போயி அப்பா கால்ல விழுந்துட்டான்," என்றாள் ஒரு கிழவி. நகரத்துச் சீடர்கள் சட்டென்று வரிசையாக முழங்காலிட்டார்கள். அவர்களைப் பார்த்து ஊராரும் முழங்காலிட்டார்கள். கைபேசிகள் தாழ்ந்து, சாம்பல் ஒட்டிய அவன் நெற்றியை நெருக்கத்தில் பிடித்தன.

விழுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

நின்றுகொண்டிருந்தது அவளும் தாச்செங்கும் தியென் பெரியவரும் மட்டும். பெரியவரின் கண் ஒருமுறை அவள் பாதத்துக்குப் போனது, ஈர மண்ணில் அது அசையாமல் பதிந்திருந்த இடத்துக்கு. அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் வாழ்நாள் முழுவதும் கை தள்ளியவர், அவருக்குத் தெரியாமல் போகாது. அவள் காத்திருந்தாள்.

"மகன்னா இவன்," என்றார் பெரியவர் உரத்த குரலில். "மதுவ எடுத்துக் குடுங்கப்பா."

"பெரியவரே," என்றாள் ருய்ச்சின். "அவன் விழுந்தான். நீங்க பாத்தீங்க."

"அப்பன் சமாதில மகன் விழாம வேற யாரு விழுவா?" பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர் ஊன்றுகோலை அவள் பக்கம் நகர்த்தி, குரலைத் தாழ்த்தினார். "நின்னுட்ட. சரி. நின்னு என்ன சாதிச்ச? நாங்க எல்லாம் உன் மாமனாருக்கு விழுந்தோம். அதுலதான் இந்தப் பேரே நின்னுச்சு. போம்மா, போய் முழங்கால் போடு."

அவள் போடவில்லை. தலையிலிருந்த வெள்ளைத் துணியைக் கழற்றினாள், நான்காக மடித்தாள், மடித்ததை அவர் கையில் திணித்தாள். "உங்க பேரு உங்களோடயே இருக்கட்டும்," என்றாள். குரல் உடைந்தது, அழுகை என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அவள் வரப்பில் நடந்து போனாள். தாச்செங் பின்னாலேயே வந்தான். பின்னால் மது ஊற்றும் சத்தமும் பட்டாசும் கேட்டன.

மறுநாள் பழைய வீட்டுக் கதவில் புதுப் பூட்டுத் தொங்கியது. அவள் அதன் முன் நிற்கவில்லை. ஊர்க் கடைசியில், கோதுமை உலர்த்தும் சிமெண்டுத் தரைக்குப் போனாள். மூன்று பேர் வந்திருந்தார்கள்: ஷீ தோங், யான்லிங், யான்லிங்கோடு வேடிக்கை பார்க்க வந்த அவள் நாத்தனார். மற்றவர்கள் வரமாட்டார்கள் என்று ஷீ தோங் தயங்கித் தயங்கிச் சொன்னான். மண்டபம் கட்டும்வரை காத்திருப்பார்களாம். அங்கே சான்றிதழும் உண்டாம்.

"நீ ஏன் போகல?"

"தெரியல மாஸ்டர். நேத்து உங்க தோளப் பாத்துட்டே இருந்தேன். எறங்கவே இல்ல."

"பேசாத. கையக் குடு."

மணிக்கட்டுகள் சேர்ந்தன. அவள் தள்ளினாள். அவன் பறந்தான்.

"எதுக்குடா பறந்த?"

"பழக்கம் மாஸ்டர், பழக்கம்!"

"எந்திரி! உனக்கு என்மேல மரியாதை இருந்தா நில்லு. மரியாதை இல்லன்னாலும் நில்லு!" பக்கத்துக் கோழிப் பண்ணையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தான். அவள் கவலைப்படவில்லை. "வா. நீ தள்ளு. என்னைத் தள்ளு. உன் மூட்டையத் தூக்குற பலத்தோட தள்ளு."

"ஐயோ, மாஸ்டர்..."

"தள்ளலன்னா நாளைக்கு நீயும் மண்டபத்துக்கே போ!"

அவன் கண்ணை மூடிக்கொண்டு தள்ளினான். அவள் தோளை விடப் பார்த்தாள், தாமதமாகிவிட்டது. அவன் பலம் தாச்செங்கின் பலம் இல்லை, வேறு பக்கமிருந்து வந்தது. அவள் பின்னால் போய்ச் சிமெண்டில் விழுந்து, முழங்கைத் தோல் உரிந்து இரத்தம் கசிந்தது. சாலையில் மூன்று சக்கர வண்டியில் முட்டைக்கோஸ் ஏற்றிப் போனவன் வண்டியை நிறுத்தியே சிரித்தான். "மாஸ்டரம்மா மல்லாந்துட்டாங்கடோய்!"

ஷீ தோங் வெளுத்துப் போய்க் குனிந்து கையை நீட்டினான். "மன்னிச்சுக்குங்க மாஸ்டர், தெரியாம..."

"தூக்காத! மன்னிப்புக் கேட்டா ஒதப்பேன்!"

அவள் தானாக எழுந்தாள். முழங்கை எரிந்தது. மூச்சு வாங்கியது. வண்டிக்காரனைப் பார்த்து, "என்னடா பாக்குற, வந்து நீயும் தள்ளு," என்று கத்தினாள். அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடினான். யான்லிங்கின் நாத்தனார் மட்டும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"நான் தள்ளட்டுமா?" என்று கேட்டாள். "நெசமாத் தள்ளலாம்ல?"

ருய்ச்சின் முழங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, இரத்தம் ஒட்டிய மணிக்கட்டை அவளிடம் நீட்டினாள்.